துக்கம் விசாரிக்க வருவது யார்?

1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தவர். தரங்கம்பாடியில் இன்றும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயத்தை 1718இல் எழுப்பியவர். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். ஆனால் அவர் படித்ததும், பிறகு அவருக்குப் பணமும் ஆட்களும் தமிழ் எழுத்து வார்ப்புகளும் போய்ச் சேர்ந்ததும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து. ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே அங்கே 1698இல் கட்டத் தொடங்கிய அநாதை இல்லம் அன்றைய புராட்டஸ்டண்ட் பக்தி இயக்கத்தின் இதயமாக இருந்தது.

சீகன்பால்கு தமிழர்களிடம் கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் வாங்கினார். சாவுக்குப் பின் என்ன, பாவம் எப்படித் தீரும், நீங்கள் ஏன் கிறிஸ்தவத்துக்கு வருவதில்லை என்பவை போன்ற கேள்விகள். 1712 முதல் 1714 வரை வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. எங்கள் சமயத்திலும் நற்கதிக்கு வழி உண்டு, உங்கள் ஆட்களின் நடத்தையைப் பார்த்தால் மாறத் தோன்றவில்லை என்ற தொனியில் பலர் பதில் சொல்லியிருந்தார்கள். நம்பிக்கை எது என்பதில்தான் வழக்கு. நம்பிக்கையே இல்லாமல் ஓர் ஊர் வாழ முடியும் என்பது இரு தரப்புக்கும் எட்டாத எண்ணம்.

இன்று அந்த எண்ணத்தின் நடைமுறை உதாரணமாக ஹாலேயே இருக்கிறது. அது இருக்கும் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில்தான் மார்ட்டின் லூத்தர் பிறந்த ஐஸ்லேபனும், 1517இல் அவருடைய கலகம் தொடங்கிய வித்தன்பெர்கும் உள்ளன. அம்மாநிலத்தில் கிறிஸ்தவ சபைகளில் உறுப்பினராக இருப்போர் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. 2008இல் பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பை வைத்துச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டாம் ஸ்மித் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். கடவுளை நம்பவில்லை என்று சொன்னவர்களின் விகிதம் முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் 52 விழுக்காடு. ஒப்பிடப்பட்ட எல்லா இடங்களிலும் அதுவே உச்சம்.

கடவுளை விட்டவனுக்குத் துன்பத்தில் பற்றுக்கோடு ஏது என்ற கேள்வி நம் பட்டிமன்றங்களுக்குப் புதிதல்ல. பக்தர் தரப்பு வெறுமையைக் காட்டிப் பயமுறுத்தும். நாத்திகர் தரப்பு பொய்யான ஆறுதல் எதற்கு என்று கேட்கும். இரண்டுமே பெரும்பாலும் தனிமனிதர்களை உதாரணம் காட்டிப் பேசுபவை. கிழக்கு ஜெர்மனியில் ஒரு சமூகமே மூன்று தலைமுறையாகக் கடவுள் இன்றிப் பிறந்து, வளர்ந்து, மணந்து, இறந்திருக்கிறது. அதே நாட்டின் மேற்குப் பகுதியில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் கோபுரம் எழுப்பித் தேர் இழுக்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: துக்கத்தில் மனிதரைத் தாங்குவதில் கொள்கையின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது. அந்தக் கொள்கை தனக்கென உண்டாக்கிவைத்த ஆட்களும் முறைகளும்தான் பாரத்தைச் சுமக்கின்றன.

பேத்திக்கு நினைவில்லாத கடவுள்

1950இல் கிழக்கு ஜெர்மனியில் பத்தில் ஒன்பது பேர் ஏதேனும் ஒரு சபையின் உறுப்பினர்கள். நாற்பதாண்டு கழித்து அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது. கம்யூனிஸ்ட் அரசின் அழுத்தம் முதற்காரணம். பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சபையில் ஊன்றி நின்றவர்களின் பிள்ளைகளுக்கும் மேற்படிப்பின் கதவு அடிக்கடி சாத்தப்பட்டது. லைப்ஸிக் பல்கலைக்கழகத்தின் பழம்பெரும் தேவாலயம் 1968 மே 30 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

ஆனால் தடையைவிட வலுவாக வேலை செய்தது மாற்று. பதினான்கு வயதில் தேவாலயத்தில் உறுதிபூசுதல் பெறுவது ஜெர்மன் புராட்டஸ்டண்ட் வழக்கம். அதற்குப் போட்டியாக ‘யூகெண்ட்வைஹே’ என்ற மதம் சாராத சடங்கை அரசு 1954இல் கையிலெடுத்தது. சடங்கு அரசின் கண்டுபிடிப்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சபையிலிருந்து விலகிய சுதந்திரச் சிந்தனையாளர்கள் தொடங்கியதைத்தான் அது எடுத்துக்கொண்டது. மண்டபத்தில் இசை, உரை, புத்தகப் பரிசு, பூங்கொத்து. பிறகு வீட்டில் உறவினர் கூடி விருந்து, பிள்ளைக்கு மொய்ப்பணம். 1980களில் அவ்வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் இதில் கலந்துகொண்டார்கள்.

1990இல் அந்த அரசு மறைந்தது, கட்டாயமும் போயிற்று. போலந்தில் கம்யூனிசத்தின் கீழும் கத்தோலிக்கம் அசையாமல் நின்றதைப் பார்த்தவர்கள், இங்கும் மக்கள் தேவாலயத்துக்குத் திரும்புவார்கள் என்று கணித்தார்கள். அதற்கு ஆதாரமும் இருந்தது. அரசைக் கவிழ்த்த கூட்டங்கள் கிளம்பியதே லைப்ஸிக்கின் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கள்தோறும் நடந்த பிரார்த்தனையிலிருந்துதான். 1989 அக்டோபர் 9 அன்று அந்நகரில் எழுபதாயிரம் பேர் தெருவில் நடந்தார்கள். ஆனால் மக்கள் திரும்பவில்லை. சபையை விட்டு விலகுவது தொடர்ந்தது. யூகெண்ட்வைஹேயும் கேட்பாரற்றுப் போய்விடவில்லை. அரசின் பெயரை உதறிவிட்டுக் குடும்ப விழாவாக இன்றும் நடக்கிறது.

லைப்ஸிக் சமூகவியலாளர் மோனிக்கா வோல்ராப்-சாரும் சகாக்களும் கிழக்கு ஜெர்மன் குடும்பங்களில் தாத்தா, மகன், பேத்தி என மூன்று தலைமுறையினரைச் சேர்த்து உட்காரவைத்து நேர்காணல் செய்து 2009இல் நூலாக்கினார்கள். அரசு திணித்த நாத்திகத்தைப் பல குடும்பங்கள் காலப்போக்கில் தமதாக்கிக்கொண்டன என்பது அவர்கள் கண்டது. அறிவியல் ஒருபக்கம், மதம் மறுபக்கம் என்ற பிரிவினை வீட்டுப் பேச்சிலேயே ஊறியிருந்தது. சுவையான செய்தி, பேரப்பிள்ளைகளைப் பற்றியது. சாவுக்குப் பின் ஏதாவது இருக்குமா என்ற பேச்சில் தாத்தாவிடம் இருந்த கறார் அவர்களிடம் இல்லை. கடவுளுக்குத் திரும்பவும் இல்லை. கதவை இழுத்துப் பூட்டவும் இல்லை.

இந்த ஊர்களில் நாத்திகம் ஒரு போராட்டம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஈரோட்டிலோ சிதம்பரத்திலோ கறுப்புச் சட்டை போடுவது வீட்டையும் தெருவையும் எதிர்த்து எடுக்கும் நிலைப்பாடு. ஹாலேயில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிற இளைஞன்தான் காரணம் சொல்ல வேண்டியவன்.

கணக்கெடுப்புகள் சொல்வதும் சொல்லாததும்

பக்தி உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சற்று மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வுகள் பல காட்டியுள்ளன. அதையே உலக விதியாகச் சொல்வதில்தான் சிக்கல். ஜெர்மன் உளவியலாளர் யோகன் கெபாவரும் சகாக்களும் 11 ஐரோப்பிய நாடுகளில் ஓர் இணைய வரன்தேடல் தளத்தின் பயனாளர்கள் 1,87,957 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மதத்துக்கு மதிப்புத் தரும் நாடுகளில் பக்தர்களின் மனநிலை மேலாக இருந்தது. மதத்தைப் பொருட்படுத்தாத நாடுகளில் அந்த மேன்மை கரைந்துபோனது. மதநம்பிக்கையின் நலனில் ஒரு பகுதி ஊரோடு ஒத்துப்போவதன் நலன் என்பது இதன் பொருள். அப்படியானால் கிழக்கு ஜெர்மனியில் நம்பாதவருக்கும் அதே நலன் கிடைக்கும். ஊரே அவர் பக்கம்தானே இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எட் டீனர் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு காரணம் சேர்த்தது. பசி, நோய், பாதுகாப்பின்மை மிகுந்த நாடுகளில் மதம் மன நிம்மதிக்குப் பெரிதும் உதவுகிறது. வாழ்க்கை ஓரளவு உறுதிப்பட்ட நாடுகளில் நம்புவோரும் நம்பாதோரும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியோடு இருக்கிறார்கள். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் வேலையில்லாக் காலத்து உதவியும் இருக்கும் நாட்டில், நம்மூரில் மாரியம்மனிடம் வைக்கும் வேண்டுதல்களில் பாதி அரசு அலுவலகத்து விண்ணப்பமாக மாறிவிடுகிறது.

தற்கொலைக் கணக்கு இன்னும் கண்திறப்பது. 1980களில் கிழக்கு ஜெர்மனியின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. நாத்திக அரசின் வெறுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று மேற்கில் பலர் பேசினார்கள். ஆனால் சாக்சனிப் பகுதியின் விகிதம் 19ஆம் நூற்றாண்டிலேயே உயர்ந்திருந்தது. எமில் துர்கெய்ம் 1897இல் எழுதிய புகழ்பெற்ற தற்கொலை ஆய்விலும் அது இடம்பெறுகிறது. அன்று அங்கே வீட்டுக்கு வீடு விவிலியம் இருந்தது. 1990க்குப் பின், சபைகள் மேலும் காலியானபோதே, கிழக்கின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் கடவுள் நம்பிக்கை ஒன்றையே காரணமாக்க இந்த வரலாறு இடம் கொடுக்காது.

சாவுப் பயத்திலும் கதை இதேபோலத்தான். மதநம்பிக்கைக்கும் சாவுப் பயத்துக்குமான தொடர்பு பற்றி அரை நூற்றாண்டாக வந்த சுமார் 100 ஆய்வுகளை, மொத்தம் 26,000 பேர் பற்றியவற்றை, ஜொனாதன் ஜாங் குழு 2017இல் தொகுத்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகளில் தொடர்பே இல்லை. சிலவற்றில் பக்தர்களுக்குப் பயம் குறைவு, வேறு சிலவற்றில் கூடுதல். உறுதியாக நம்புவோர், உறுதியாக நம்பாதோர் என்ற இரு ஓரங்களிலும் பயம் குறைந்து, இரண்டுங்கெட்டான் நடுவில் கூடுவதற்கான அறிகுறியும் சில ஆய்வுகளில் தென்பட்டது.

சாவிலிருந்து தொடங்கிய நாத்திகம்

ஜெர்மன் நாத்திகத்துக்கு இந்த உறுதி எங்கிருந்து வந்தது? ஃபாயர்பாக், மார்க்ஸ், நீட்சே என்று தத்துவப் பட்டியல் போடுவது எளிது. மார்க்ஸ் மதத்தை அபினோடு ஒப்பிட்டதை எல்லாரும் சொல்வார்கள். அதே பத்தியில் மதத்தை ஒடுக்கப்பட்டவரின் வேதனைக் குரலாகவும் அவ்வேதனைக்கு எதிர்ப்பாகவும் அவர் கண்டதைச் சிலரே நினைவில் வைக்கிறார்கள். ஆனால் பெர்லின் தொழிலாளி நீட்சேயைப் படித்துவிட்டு நாத்திகர் ஆகவில்லை.

1905இல் பெர்லினில் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சங்கத்தின் பெயர் ‘தகனத்துக்கான சுதந்திரச் சிந்தனையாளர் சங்கம்’. பிணத்தை எரிப்பது நமக்கு வைதிகம். அங்கே அது கலகம். கத்தோலிக்கத் திருச்சபை 1886இல் தகனத்துக்கு விதித்த தடையை 1963இல்தான் தளர்த்தியது. ஜெர்மனியின் முதல் தகன நிலையம் 1878இல் கோத்தா நகரில் வந்தது. ஆனாலும் பிரஷ்யாவில் 1911 வரை தகனத்துக்குச் சட்ட அனுமதி இல்லை. தொழிலாளிகள் சிறு சந்தா கட்டினார்கள். இறந்தால் சங்கம் தகனச் செலவை ஏற்கும், பேச்சாளரை அனுப்பும், தோழர்கள் கொடியோடு வருவார்கள். பாதிரியார் இல்லாவிட்டால் நாய் செத்ததுபோல் போய்விடுவோமோ என்ற ஏழையின் அச்சத்துக்கு அச்சங்கம் பதில் சொன்னது. 1930 வாக்கில் அதன் உறுப்பினர்கள் ஆறு லட்சத்தை எட்டினார்கள்.

பெரியார் 1932இல் தமது ஐரோப்பியப் பயணத்தின்போது பெர்லினில் தங்கியது இந்த இயக்கத்தின் உச்சமும் முடிவும் சந்தித்த நேரத்தில். அடுத்த ஆண்டே நாஜிகள் சங்கத்தைத் தடைசெய்தார்கள். அதன் தலைவர் மக்ஸ் ஸீவர்ஸ் 1944 ஜனவரியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

அந்தச் சங்கம் விட்டுச்சென்ற வழக்கம் போகவில்லை. இன்று ஜெர்மனியில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரு பெரிய சபைகளின் சடங்கு இல்லாமலே விடைபெறுகிறார்கள். கிழக்கில் அதுவே பொது வழக்கு. ஈமச்சடங்கு நிறுவனம் ஓர் இரங்கல் பேச்சாளரை ஏற்பாடு செய்யும். அவர் ஒருநாள் முன்பே வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து குடும்பத்தாரிடம் கேட்பார். அப்பா எங்கே வேலை பார்த்தார், எதற்குக் கோபப்படுவார், தோட்டத்தில் என்ன வைத்திருந்தார், யாரோடு பேச்சு நின்றிருந்தது. ஒன்றிரண்டு மணி நேரம் ஓடும். கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு போய் மறுநாள் கல்லறைத் தோட்ட மண்டபத்தில் இருபது முப்பது நிமிடம் பேசுவார். முன்னும் பின்னும் இறந்தவருக்குப் பிடித்த பாட்டு ஒலிக்கும். பிறகு அஸ்திக் கலசத்தைக் குழியில் இறக்கி ஆளுக்கொரு பிடி மண்ணோ பூவிதழோ போடுவார்கள். முடிந்ததும் ஓர் உணவகத்தில் காபியும் கேக்கும். இறந்தவரைப் பற்றிய சிரிப்புக் கதைகள் அங்கேதான் முதலில் வெளிவரும்.

மறுமை பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத இந்த நிகழ்வில் துக்கம் விசாரிப்பதன் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஒருவர் வீடு தேடி வருகிறார், இறந்தவரின் கதையைப் பேசவைக்கிறார், ஊர் கூடுகிறது, மண் போடப்படுகிறது, சோறு போடப்படுகிறது. நம்மூர் ஒப்பாரிக்காரப் பாட்டிக்கு இந்த வரிசை புரியும். கண்ணீர் போதவில்லை என்றுமட்டும் குறைப்படுவாள்.

எர்ஃபர்ட்டின் படிக்கட்டு

இந்த ஏற்பாடு கைவிரிக்கும் இடமும் உண்டு. 2002 ஏப்ரல் 26 அன்று எர்ஃபர்ட் நகரில் குட்டன்பெர்க் உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் புகுந்து 16 பேரைச் சுட்டுக்கொன்றுவிட்டுத் தானும் மாண்டான். இறந்தவர்களில் 12 பேர் ஆசிரியர்கள். எர்ஃபர்ட் கிழக்கு ஜெர்மன் நகரம். பெரும்பாலோர் எந்தச் சபையிலும் இல்லாதவர்கள். ஒரு வாரம் கழித்து, மே 3 அன்று, இரங்கல் கூட்டத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் திரண்டது பேராலயப் படிக்கட்டின் முன் உள்ள சதுக்கத்தில். கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் குருமார்கள் கூட்டாக வழிபாடு நடத்தினார்கள். அன்று அங்கே நின்றவர்களில் பலருக்கு அந்தச் செபங்கள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வழியில்லை.

வீட்டில் நேரும் ஒரு சாவுக்குப் பேச்சாளர் போதும். நகரமே உறைந்துபோன சாவுக்கு மதம் சாராத சமூகம் தன்னிடம் எதுவும் தயாராக வைத்திருக்கவில்லை. பல நூற்றாண்டுகளாகச் சாவுக்கு மணியடித்துப் பழகிய கட்டடம் தயாராக இருந்தது.

தத்துவவாதி யூர்கன் ஹாபர்மாஸ் இதே இடைவெளியைப் பற்றி எழுதியிருக்கிறார். எழுத்தாளர் மக்ஸ் ஃபிரிஷ் நம்பிக்கையற்றவர். 1991இல் அவருக்கு இரங்கல் நிகழ்ச்சி சூரிக்கின் புனித பேதுரு தேவாலயத்தில் நடந்தது, பாதிரியார் இன்றி, ஆசீர்வாதம் இன்றி. அதில் கலந்துகொண்ட ஹாபர்மாஸ் பிற்பாடு அதை நினைவுகூர்ந்து, வாழ்வின் கடைசிக் கட்டத்தைக் கடப்பதற்கு மதம் வகுத்த முறைக்கு ஈடான ஒன்றைப் பகுத்தறிவு யுகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கான ஒப்புதலாக அதைப் படித்தார்.

எர்ஃபர்ட் திருச்சபை மறுமுனையிலிருந்து அதே பாடத்தைக் கற்றது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளுக்காக 1998இல் ரைன்ஹார்ட் ஹௌக்கே என்ற கத்தோலிக்கக் குரு பேராலயத்தில் ‘வாழ்க்கைத் திருப்ப விழா’ ஒன்றைத் தொடங்கினார். யூகெண்ட்வைஹே வேண்டாம், உறுதிபூசுதலுக்கும் தகுதியில்லை என்ற பிள்ளைகள் மாதக்கணக்கில் கூடிப் பேசி, தமக்கு முக்கியமானவற்றைச் சபையோர் முன் சொல்வார்கள். விசுவாசம் கேட்கப்படுவதில்லை. பெர்லினில் 1956இல் தொடங்கி நாடெங்கும் பரவிய தொலைபேசி ஆறுதல் சேவையும் இப்படித்தான். இரு சபைகளும் நடத்துகின்றன. பயிற்சி பெற்ற தொண்டர்கள் இரவும் பகலும் எடுக்கிறார்கள். அழைப்பவர் எதை நம்புகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

ஹம்மும் கேவலாரும்

1980களின் முற்பகுதியில் இலங்கையிலிருந்து தப்பிய தமிழர்களில் கணிசமானோர் ஜெர்மனிக்கு வந்த வழியே விசித்திரமானது. நாத்திக அரசு நடத்திய கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். பிறகு அவ்வழி அடைக்கப்பட்டது. வந்தவர்கள் அகதி முகாம்கள் வழியே மேற்கு மாநிலங்களுக்குச் சிதறினார்கள். பெரும்பாலோர் தனியாக வந்த இளைஞர்கள். வேலை செய்ய அனுமதி கிடைக்காத மாதங்கள், ஊரிலிருந்து வரும் சாவுச் செய்திகள், போய் முகம் பார்க்க முடியாத தவிப்பு.

1985இல் வந்த பாஸ்கரக் குருக்கள் ஹம் நகரில் வீட்டு நிலவறை ஒன்றில் காமாட்சி அம்பாளை வைத்துப் பூசையைத் தொடங்கினார். பிறகு பழைய சலவைக்கூடம் ஒன்று கோயிலானது. 2002 ஜூலை 7இல் ஊன்ட்ரோப் தொழிற்பேட்டையில் 17 மீட்டர் ராஜகோபுரத்தோடு புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. அருகே இறைச்சித் தொழிற்சாலை, சற்றுத் தள்ளி அனல்மின் நிலையம். திருவிழாவன்று நாற்புறமிருந்தும், பிரான்ஸிலிருந்தும் சுவிஸிலிருந்தும்கூட ஆட்கள் வந்து குவிவார்கள். லாரிகள் போகும் தார்ச்சாலையில் சிதறுதேங்காய், காவடி, அங்கப்பிரதட்சிணம், வடம் பிடித்து இழுக்கும் தேர். தீர்த்தமாட்டுக்குப் பக்கத்திலுள்ள டாட்டல்ன்–ஹம் கப்பல் கால்வாய்.

டச்சு எல்லையோரம் இருக்கும் கேவலாரில் இன்னொரு காட்சி. 1642 முதல் அங்கே வழிபடப்படும் சிறு மாதா படத்துக்குத் துயருற்றோரின் ஆறுதல் என்று பெயர். 1980களின் பிற்பகுதியிலிருந்து ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கு கூடுகிறார்கள். அவர்களில் கணிசமானோர் சைவர்கள். இலங்கையில் மடு மாதாவிடம் போன கால்கள் கேவலாருக்குப் போவதில் வியப்பில்லை.

இவர்களைப் பார்த்து, கோயில் என்பது அகதிகளின் சமூகக் கூடம், அவ்வளவுதான் என்று ஆய்வாளர் எழுதிவிடலாம். உறவினரைப் பார்ப்பது, பிள்ளைகளுக்கு வரன் பார்ப்பது, தமிழில் சத்தமாகப் பேசுவது எல்லாம் அங்கே நடக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவில் லிம், பட்னம் இருவரும் 2010இல் செய்த ஆய்வும் இதையே சொன்னது: பக்தரின் மன நிறைவுக்குப் பெரிய காரணம், வழிபாட்டிடத்தில் கிடைக்கும் நட்பு. ஆனால் காணாமல் போன மகனுக்காக நேர்ந்துகொண்டு தீச்சட்டி ஏந்தும் ஒரு தாய் நட்புத் தேடி வரவில்லை. அம்பாள் கேட்கிறாள் என்று நம்பி வருகிறாள். அந்த நம்பிக்கையைக் கழித்துவிட்டால் கூட்டமும் கலைந்துவிடும். ஆட்களும் முறையும்தான் பாரம் சுமக்கின்றன என்று மேலே சொன்னதற்கு இது ஒரு வரம்பு. அவர்களைக் கூட்டிவர ஏதோ ஒன்றில் மெய்யான பிடிப்பு வேண்டும். தகனச் சங்கத்துத் தொழிலாளிக்கும் அது இருந்தது. வருங்காலம் தன் வர்க்கத்தினுடையது என்று அவர் நம்பினார்.

ஆறுதல் வேறு, அர்த்தம் வேறு

இந்த இடத்தில் நாத்திகத் தரப்பு நின்று யோசிக்க ஒரு செய்தி இருக்கிறது. ஓய்ஷியும் டீனரும் 132 நாடுகளின் கேலப் தரவுகளை வைத்து 2014இல் எழுதிய கட்டுரையின்படி, பணக்கார நாட்டு மக்கள் திருப்தியில் முந்துகிறார்கள். என் வாழ்வுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று சொல்வதில் ஏழை நாட்டு மக்கள் முந்துகிறார்கள். இந்த வேறுபாட்டுக்கு மதப்பிடிப்பு முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

இன்ஸ்ப்ருக் உளவியலாளர் தட்யானா ஷ்னெல் ஜெர்மானியர்களிடம் எடுத்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாக்குகிறது. 61 விழுக்காட்டினர் வாழ்வில் அர்த்தம் காண்கிறார்கள். அர்த்தம் இல்லையே என்று தவிப்பவர்கள் வெறும் 4 விழுக்காடு. மீதி 35 விழுக்காட்டினருக்கு அர்த்தமும் பெரிதாக இல்லை, அது இல்லாத கவலையும் இல்லை. பட்டிமன்றப் பக்தர் எச்சரிக்கும் இருண்ட வெறுமையை இவர்களிடம் காண முடியாது. பட்டிமன்ற நாத்திகர் வாக்களிக்கும் தன்னறிவு பெற்ற நிமிர்ந்த வாழ்வும் இவர்களிடம் இல்லை. வேலை, விடுமுறை, கால்பந்து, தோட்டம் என்று நாள் போகிறது. அர்த்தம் என்ற கேள்வியே எழாத வாழ்க்கை சாத்தியம் என்பதைத் தத்துவவாதிகளும் மதகுருமார்களும் ஒருசேர மறந்துவிட்டார்கள்.

நம்புகிறவர்களிலும் ஆறுதலையே மதத்தின் நோக்கமாகக் கொள்ளாதவர்கள் உண்டு. ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்ட போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், 1944இல் பெர்லின் டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதங்களில், மனிதனால் முடியாத இடங்களை அடைக்கும் பொருளாகக் கடவுளைப் பயன்படுத்துவதை மறுத்தார். பலவீனத்திலும் சாவிலும் மட்டும் நினைவுக்கு வரும் கடவுள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய நம்பிக்கை அவரை ஆபத்திலிருந்து காக்கவில்லை, ஆபத்துக்குள் தள்ளியது. மக்ஸ் ஸீவர்ஸைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோன நம்பிக்கையின்மையும் அப்படிப்பட்டதே. எதிரெதிர்க் கொள்கை கொண்ட இருவரையும் ஒரே ஆட்சி கொன்றது. அர்த்தம் என்பது சில வேளைகளில் நிம்மதிக்கு நேர்ப்பகை.

நம்முடைய கணக்கு

இன்று ஜெர்மனி முழுவதுமே கிழக்கின் வழியில் போகிறது. வருமான வரியோடு எட்டு அல்லது ஒன்பது விழுக்காடு சபை வரி பிடிக்கப்படும் நாட்டில், விலக வேண்டுமென்றால் நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ கையெழுத்திட வேண்டும். 2022இல் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படிக் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு இரு பெரிய சபைகளின் உறுப்பினர்கள் மக்கள்தொகையில் பாதிக்குக் கீழே போனார்கள். புராட்டஸ்டண்ட் சபையே நடத்திய பெரும் ஆய்வு 2023இல் மக்களில் 56 விழுக்காட்டினரை மதம் சாராதவர் என்று வகைப்படுத்தியது. மேற்கில் விலகுகிறவர்களுக்குக் கிழக்கத்தியரின் மூன்று தலைமுறைப் பழக்கம் இல்லை. அவர்களுடைய சாவு வீடுகளுக்கு யார் வருவார்கள் என்பது இனிமேல்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் கடவுள் மறுப்புக்கு நூறாண்டு வயது. திருமணத்தில் அது வெற்றிபெற்றது. புரோகிதரை விலக்கிய சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணாவின் அரசு 1967இல் சட்ட வடிவம் தேடித் தந்தது. இன்று கடவுளை நம்புகிறவர்களும் தலைவர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். சாவிலும் படத்திறப்பு, நினைவேந்தல் என்று இயக்கம் வடிவங்களை உண்டாக்கியது. ஆனால் அவை பெரும்பாலும் மேடையும் ஒலிபெருக்கியும் தலைவர் உரையுமாகவே நின்றுவிட்டன. இறந்தவர் கட்சிக்காரராக இருந்தால் கூட்டம் உண்டு. அவருடைய மனைவி இறந்தால் பெரும்பாலும் பங்காளிகள் கூடி, பதினாறாம் நாள் கருமாதியைச் செய்துவிட்டுப் போகிறார்கள். கொள்கையில் உறுதியாக நின்ற பல வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் சடங்குக்குத் திரும்பியதைக் கொள்கைத் தோல்வி என்று கடிந்துகொள்வது சுலபம். எட்டாம் துக்கத்துக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையில் அந்த வீட்டில் வந்து உட்கார இயக்கம் ஆள் அனுப்பியதா என்று கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி.

கோயில் தரப்புக்கும் அதே கேள்விதான். தட்டில் விழும் காசுக்கேற்ப மந்திரம் நீளும் இடத்தில், இறந்தவரின் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளாத புரோகிதரின் சடங்கு, அவர் எந்தக் கடவுளை அழைத்தாலும், ஹாலேயில் குறிப்பேட்டோடு வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட கடவுளற்ற பேச்சாளரின் முன் தோற்றுத்தான் போகும்.